குழந்தைக்கு முதல் படகு: கவிழாததா, கவிழ்ந்தா ஏற முடியறதா?

அக்கா பொண்ணுக்கு எட்டு வயசு. "மாமா, எனக்கே எனக்குன்னு ஒரு படகு வேணும்"னு கேட்டா. அதுக்காகத் தேடினதுதான் இந்த எபிசோட்.

வெள்ளகோவில்காரனுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காதீங்க. எங்கூரு வறண்ட பூமிதான். பக்கத்துல இருக்குற வட்டமலைக்கரை ஓடை அணை பல வருஷம் காஞ்சு கிடந்து, 2021-லதான் பி.ஏ.பி. தண்ணியைப் பார்த்துச்சு. ஆனா நாங்க கிணத்துல நீச்சல் பழகினவங்க. முதுகுல சுரைப்புருடை கட்டி இறக்கி விடுவாங்க. மிதக்க அது, ஏறி வரப் படிக்கட்டு. படகுலயும் இந்த ரெண்டைத்தான் பார்க்கணும்.

முதல்ல பரிசல். ஒகேனக்கல்ல பார்த்திருப்பீங்க. வட்டமா, அடி தட்டையா இருக்கும். ஒரு பக்கம் துடுப்பு போட்டா அப்படியே சுத்தும். நேரா ஓட்ட நல்ல பழக்கம் வேணும். குழந்தை சீக்கிரம் வெறுத்துடும். பெடல் போட்டுல காலுக்குத்தான் வேலை, துடுப்பு பழகாது. காத்தடைச்ச பொம்மைப் படகு இன்னும் மோசம். லேசா காத்தடிச்சாலே கரையை விட்டு இழுத்துட்டுப் போயிடும்.

நான் சொல்றது மேல உக்காந்து ஓட்டுற குழந்தைகள் கயாக். சுமார் 6 அடி நீளம், 8 - 10 கிலோ எடை. உள்ள குழி கிடையாது, அதனால கவிழ்ந்தா குழந்தை சிக்கிக்காது. மேல ஏறுற தண்ணி ஓட்டை வழியா வடிஞ்சிடும். திருப்பிப் போட்டு, வயிறு படுக்க ஏறிடலாம். துடுப்பு மட்டும் சின்னதா, லேசா, குழந்தை கைக்குள்ள அடங்கணும். பெரியவங்க துடுப்பைக் கொடுத்தா பத்தே நிமிஷத்துல தோள் வலிக்கும்.

லைஃப் ஜாக்கெட்டை வயசு பார்த்து இல்லீங்க, எடை பார்த்து வாங்கணும். பட்டை எல்லாம் மாட்டிட்டு, தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்குங்க. காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது பெருசு. நீச்சல் தெரிஞ்சாலும் இதைக் கழட்டக் கூடாது.

முதல் பாடம் நீச்சல் குளத்துல, பெரியவங்க கைக்கெட்டுற தூரத்துல. வாய்க்கால், அணைப் பக்கம் வேண்டவே வேண்டாம். அன்னைக்குத் துடுப்பு போடறதுக்கு முன்னாடி, வேணும்னே பத்துத் தடவை கவிழ்க்கச் சொல்லுங்க. பொண்ணு அஞ்சாவது தடவை சிரிச்சுக்கிட்டே தானா ஏறினா. அதுக்கப்புறம்தான் துடுப்பைக் கையில கொடுத்தேன்.