தாள் திருகினால் முதலில் கடைக்கு ஓடாதீர்கள்

பெரம்பலூர், செட்டிகுளம் பக்கம் மழை பிடித்தால் இதே கூத்துதான். சின்ன வெங்காயத்தில் தாள் கருகுகிறது. விவசாயி ஒரு தாளைக் கிள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் மூன்று பாட்டிலை எடுத்து வைத்து, "எல்லாத்தையும் ஒண்ணா கலந்து அடிங்கண்ணே" என்கிறார். பில்லா? துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

தாளில் வெள்ளிக் கீற்று தெரிந்தால் இலைப்பேன். குருத்தைப் பிரித்துப் பாருங்கள், பூச்சி ஓடும். அதற்குப் பூஞ்சாண மருந்து அடிப்பது காசைக் கரைக்கும் வேலை. நடுவில் ஊதா, சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் ஊதாப் புள்ளி நோய். தாள் முறுக்கிக் கழுத்து நீண்டால் திருகல் நோய். இலைப்பேன் சுரண்டிய புண்ணில் ஊதாப் புள்ளி எளிதாக ஏறும். ஆகவே இரண்டையும் தேடுங்கள். ஊதாப் புள்ளிக்கு மான்கோசெப், லிட்டருக்கு 2 கிராம். ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால் மெழுகுத் தாளில் மருந்து நிற்காது.

சந்தேகமா? வெங்காயம் தோட்டக்கலைப் பயிர். போக வேண்டியது வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். பக்கத்து வேளாண் அலுவலகத்தில் அரைநாள் காக்க வைத்துவிட்டு, "இது எங்க துறை இல்லை" என்பார்கள். நோய் தொடங்கிய நாலைந்து செடிகளை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். அதிகாரி இல்லையென்றால் மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551.

பயிர்க் காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: நோயால் வரும் இழப்பை உங்கள் வயலுக்கென்று தனியாக அளக்க மாட்டார்கள். அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதும் மகசூல் குறைந்தால்தான் இழப்பீடு. வயலில் வெள்ளம் தேங்கினால் கதை வேறு. 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு உதவி எண் 14447-இல் சொல்லியாக வேண்டும்.

மருந்து போலி என்று தோன்றினால்? பூச்சிமருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கடையிலிருக்கும் சரக்கில் மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. இரண்டு இடத்திலும் பில் கேட்பார்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி, கடையின் உரிம எண் மூன்றும் அதில் இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், பில் வாங்குங்கள். வழக்கு முடியும்வரை காலிப் பாட்டிலைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.