பூஜ்யம் என்றால் சுத்தமான காற்றா?

தரவுக் குழாய் – தொடர் 9

2019 மார்ச் 7 அன்று மலேசியாவின் பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். அடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலும் வாந்தியுமாகச் சிகிச்சைக்குப் போனார்கள். 13ஆம் தேதி அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அந்த ஊரின் காற்று அளவீட்டை நம் கணினிக்குக் கொண்டுவரும் கனெக்டரைச் சென்ற வாரம் எழுதி முடித்தோம். இந்த வாரம் அதைப் போட்டுப் பார்க்க ஒரு சோதனைக்கூடம் கட்டுவோம்.

மலேசியச் சுற்றுச்சூழல் துறை காற்று மாசுக் குறியீட்டை மணிக்கொரு முறை வெளியிடுகிறது. 50 வரை நல்லது, 100 வரை மிதம், 300-ஐத் தாண்டினால் ஆபத்து. அரைகுறைக் கனெக்டரை வைத்துக்கொண்டு அந்தத் துறையின் சர்வரை நாள் முழுக்கத் தட்டுவது முறையல்ல. தவிர, நாம் விரும்பும் நேரத்தில் அது நமக்காகக் கெட்டுப்போகவும் போகாது. சோதனைக்குத் தேவையே கெட்டுப்போகிற மூலம்தான்.

அதனால் லேப்டாப்பிலேயே ஒரு போலி மூலத்தை உருவாக்குங்கள். பைத்தானில் தனிச் சூழல் ஒன்றைத் திறந்து, கேட்டால் ஜேசான் வடிவில் தரவு தருகிற சின்ன சர்வரை எழுதினால் போதும், பத்திருபது வரிதான். ஒரு பக்கம் இந்த சர்வர், மறுபக்கம் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு, நடுவில் நம் கனெக்டர். கனெக்டரை சிங்கர் என்ற தரவுக் கடத்தல் முறையில் எழுதியிருப்பதால், மூலத்தைப் படிக்கும் டேப் ஒவ்வொரு பதிவையும் ஒரு வரியாக வெளியீட்டு வழியில் (stdout) தள்ளும். டார்கெட் அதை வாங்கி கோப்பில் எழுதும். இங்கே ஒரு பழைய பொறி உண்டு: பிழை தேடுவதற்காக நீங்கள் போட்ட பிரிண்ட் வரியும் அதே வழியில் வெளியேறும். டார்கெட் அதையும் பதிவென்று நினைத்துப் படித்து முறிந்து விழும். பதிவேட்டுச் (log) செய்திகள் எல்லாம் பிழை வழியில்தான் (stderr) போக வேண்டும்.

இனி போலி சர்வரைக் குறும்பு செய்ய விடுங்கள். ஒரே மணிநேரத்தை இரண்டு முறை அனுப்பட்டும். பாதியில் இணைப்பை அறுக்கட்டும். நள்ளிரவு அளவீட்டையும் மறக்காதீர்கள். மலேசிய நேரம் உலக நேரத்தைவிட 8 மணி முன்னால் இருப்பதால், நள்ளிரவு 12 மணி அளவீடு உலக நேரப்படி முந்தைய நாள் மாலை 4 மணிக்குப் போய் உட்காரும். நாள்வாரிச் சராசரி எடுக்கும்போது இது கழுத்தை அறுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது வெற்று அளவீடு. காற்றை அளக்கும் நிலையத்துக் கருவி ஒரு மணிநேரம் ஓய்ந்தால் மூலத்திலிருந்து மதிப்பு வராது. புலங்களின் வகையைச் சொல்லும் கனெக்டரின் ஸ்கீமாவில் அந்தப் புலத்தை வெறும் முழு எண் என்று அறிவித்திருந்தால் டார்கெட் அந்தப் பதிவையே தள்ளிவிடும். அதைச் சமாளிக்க யாராவது 0 என்று நிரப்பினால் இன்னும் கேடு: பூஜ்யம் “நல்லது” வகையில் விழும், கருவி செத்த மணிநேரம் நீல நிறத்தில் ஒளிரும். “முழு எண் அல்லது வெற்று” என்று அறிவியுங்கள். பிறகு போலி சர்வர் வெற்று மதிப்பை அனுப்பும்போது எஸ்கியூலைட்டில் அது வெற்றாகவே இறங்குகிறதா என்று கோப்பைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவும் தேறிவிட்டாலும் குழாய் கொண்டுவருவது மூலத்தில் இருப்பதை மட்டும்தான். குறியீடு ஆறு மாசுகளைக் கணக்கில் கொள்கிறது: இருவகைத் துகள்கள், ஓசோன், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு. கிம் கிம் ஆற்றங்கரையில் பேசப்பட்ட பென்சீன், டொலுயீன் போன்றவை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே நம் அட்டவணையின் தலைப்பில் “காற்றின் தரம்” என்று எழுதாமல், அளக்கப்படும் மாசுகளின் பெயர்களையே எழுதி வைத்தேன். போலி சர்வரும் அந்த ஆறையே அனுப்புகிறது.

அடுத்த வாரம்: பாதியில் அறுந்த ஓட்டத்தை, விட்ட மணிநேரத்திலிருந்து தொடரவைக்கும் நிலைக்குறிப்பு.