உம்மாவிடம் சொல்லலாமா?

மருத்துவமனையில் ஓர் அறநெறிப் பணி

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் என்கிறார் மருத்துவர். மூத்த மகன் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று மெல்லிய குரலில் வேண்டுகிறார்: “டாக்டர், உம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் தாங்கமாட்டார்கள்.” உள்ளே கட்டிலில் இருக்கும் தாயோ, வருகிறவர்களின் முகங்களைப் பார்த்தவாறு, தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு மௌனமாக இருக்கிறார்.

இக்காட்சியைக் காணாத குடும்பங்கள் நம்மில் குறைவு. மகன் அவ்வாறு கேட்பது அன்பினால்தான், ஐயமில்லை. ஆயினும் தாய்க்கு உரிய ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள அந்த அன்புக்கு உரிமை உண்டா? இக்கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடை எழுத இயலாது. இத்தகைய கேள்விகளை ஆராய்வதையே பணியாகக் கொண்டவர்கள் இன்று பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இருக்கின்றனர். அவர்களே மருத்துவ அறநெறியாளர்கள்.

பணி பிறந்த வரலாறு

1975இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் நினைவிழந்தார். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டது, நினைவு திரும்பவில்லை. கருவியை அகற்றுமாறு பெற்றோர் வேண்டினர், மருத்துவர்கள் மறுத்தனர். 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தந்தையின் கோரிக்கையை ஏற்றது. இத்தகைய முடிவுகளில் மருத்துவமனையின் அறநெறிக் குழுவைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறியது. கருவி அகற்றப்பட்ட பின்னரும் கேரன் தாமே சுவாசித்து 1985 வரை உயிரோடிருந்தார். ஆயுளை அளந்து வைத்திருப்பவன் இறைவன் ஒருவனே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அத்தீர்ப்புக்குப் பின்னர் அறநெறிக் குழுக்கள் பல மருத்துவமனைகளில் தோன்றின. அவற்றுக்கு வழிகாட்ட, மருத்துவமும் தத்துவமும் சமயமும் சட்டமும் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர்.

கராச்சியில் ஒரு பெண்மணி

இத்துறையில் முஸ்லிம் உலகில் குறிப்பிடத்தக்க பெயர், பாகிஸ்தானின் டாக்டர் ஃபர்ஹத் முஅஸ்ஸம். இவர் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற குழந்தை அறுவை மருத்துவர். தாயகம் திரும்பி, கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார்.

அமெரிக்காவில் மருத்துவர் நோயாளியிடமே பேசுவார். நோயாளியே ஒப்புதல் தருவார். கராச்சியிலோ நோயாளியைச் சூழ்ந்து குடும்பமே வந்து நிற்கும். முடிவைச் சொல்பவர் வீட்டின் மூத்தவர். மருத்துவரையும் குடும்பப் பெரியவராகக் கருதி, அவர் சொல்வதே சரி என்று ஏற்பர். பாகிஸ்தானியக் குடும்பங்களில் மருத்துவ முடிவுகள் எடுக்கப்படும் இம்முறையைப் பற்றி இவர் 2000இல் ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

அறுவைக் கத்தியைப் பிடித்த கை மீண்டும் பாடநூலைப் பிடித்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சமயவியல் பயின்று இவர் முனைவர் பட்டம் பெற்றார். ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் சிந்து சிறுநீரகவியல் மாற்று அறுவை நிலையத்தில், 2004இல் உயிர்மருத்துவ அறநெறிப் பண்பாட்டு மையத்தை நிறுவினார். அங்கு மருத்துவர்களுக்கும் பிறருக்கும் இத்துறையில் கல்வி அளிக்கப்படுகிறது.

தானமும் வணிகமும்

ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், கொடுப்பது யார்? அண்ணனா, தங்கையா, மனைவியா? மனமுவந்து தருகிறாரா, வீட்டாரின் பார்வைக்கு அஞ்சித் தலையசைக்கிறாரா? குடும்பங்களில் இம்முடிவு உருவாகும் விதத்தை அந்நிலையத்திலேயே நேரில் கண்டு, 2006இல் நூலாக எழுதினார் ஃபர்ஹத் முஅஸ்ஸம்.

கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற பஞ்சாப் மாநிலக் கிராமத்து ஏழைகளையும் இவரும் இவருடைய குழுவினரும் சந்தித்து உரையாடினர். 2009இல் வெளிவந்த அந்த ஆய்வு காட்டிய உண்மை கொடியது: உறுப்பு போனது, கடன் தீரவில்லை, உடல் நலிவும் அவமானமும் எஞ்சின. இதற்கிடையே உறுப்பு விற்பனையைத் தடுக்கும் அவசரச் சட்டம் பாகிஸ்தானில் 2007இல் வந்தது. 2010இல் அது நிலையான சட்டமாயிற்று. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதெமி, உறுப்புத் தானத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்து, விற்பனை கூடாது என்று முன்னரே தீர்மானித்திருந்தது. நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியுள்ளது.

அறநெறியாளர் செய்வது என்ன?

இவர் தீர்ப்பு வழங்கும் காஜியார் அல்லர். ஃபத்வா அளிக்கும் முஃப்தியும் அல்லர். முதலில் மருத்துவர்களிடம் நோயின் உண்மை நிலையைக் கேட்டறிவார். நோயாளிக்குச் சிந்தித்து முடிவெடுக்கும் திறன் உள்ளதா என்று பார்ப்பார். அவரிடமும் குடும்பத்தாரிடமும் தனித்தனியே பேசுவார். இரவு பகலாக அருகிலிருக்கும் செவிலியரின் சொல்லையும் கேட்பார். இருக்கும் வழிகள் எவை, சட்டம் என்ன சொல்கிறது, நோயாளியின் மார்க்கம் என்ன சொல்கிறது என்று எடுத்துவைத்து, அனைவரையும் ஒன்றாக அமர்த்துவார். சுருங்கச் சொன்னால், நம் மார்க்கம் வலியுறுத்தும் மஷூராவை மருத்துவமனைக்குள் நடத்திவைப்பவர் அவர்.

தாழ்வாரத்து மகனிடம் அவர் என்ன சொல்வார்? “மறைத்தது தவறு” என்று கடிந்துகொள்ளமாட்டார். “உம்மாவுக்கு எவ்வளவு தெரிய விருப்பம் என்று அவர்களிடமே கேட்டீர்களா?” என்று வினவுவார். “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள்” என்று அந்தத் தாயே கூறினால், அதுவும் அவருடைய முடிவே. மதிக்க வேண்டியதுதான். கேளாமலே அவர் சார்பில் முடிவெடுப்பதுதான் சிக்கல்.

மார்க்கத்தின் ஒளியில்

மேற்படி ஃபிக்ஹ் அகாதெமி 1992இல், முழுத் தகுதியுள்ள நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய அனுமதி தேவை என்று தீர்மானித்தது. நோய் இன்னதென்றே அறியாதவர் எதற்கு அனுமதி அளிப்பார்?

இறுதி ஹஜ்ஜின்போது ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம், தம் செல்வத்தில் எவ்வளவு வஸிய்யத் செய்யலாம் எனக் கேட்டார்கள். “இப்போது ஏன் அந்தப் பேச்சு?” என்று பெருமானார் அவர்களைத் தடுக்கவில்லை. மூன்றில் ஒரு பகுதி, அதுவே அதிகம் என்று வழிகாட்டினார்கள். இன்னும் வாழக்கூடும் என்ற நம்பிக்கையையும் ஊட்டினார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் அதன்பின் பல்லாண்டுகள் வாழ்ந்து, காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள். மரணத்தைப் பற்றிப் பேசியது மரணத்தை விரைவுபடுத்தவில்லை.

அந்தத் தாய்க்குத் தீர்க்க வேண்டிய கடன் இருக்கலாம். திருப்பித் தர வேண்டிய அமானிதம் இருக்கலாம். நிறைவேற்றாத நேர்ச்சை, பேசாதிருக்கும் தங்கையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, செய்ய வேண்டிய வஸிய்யத், தனித்திருந்து கேட்க வேண்டிய துஆ — இவையெல்லாம் அவருக்கே உரியவை. உண்மையை மறைக்கும்போது இவற்றுக்கான காலத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறோம்.

சொல்லும் முறையில் கனிவு வேண்டும். நேரம் அறிய வேண்டும். கையைப் பற்றிக்கொண்டு, நம்பிக்கை குன்றாமல் சொல்ல வேண்டும். நம் ஊர் மருத்துவமனையில் அறநெறியாளர் இல்லாமற்போகலாம். மருத்துவரையும் ஓர் ஆலிமையும் வீட்டாரையும் ஒன்றாக அமர்த்த நம்மால் இயலும். அந்த அமர்வில் நோயாளிக்கும் ஓர் இடம் வையுங்கள். நோயைச் சுமப்பவர் அவரே.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நிறைவான ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தெளிவையும் அருள்வானாக! ஆமீன்.