மூன்று கோடுகளுக்குள் ஒளியும் மெனு: எதை வெளியே வைக்க வேண்டும்?

போன மாத மின்கட்டண ரசீது அவசரமாகத் தேவை. மொபைலில் இணையதளத்தைத் திறந்தாச்சு. மேலே பெரிய படம், நடுவே அறிவிப்புகள். ரசீதை மட்டும் காணோம். மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைக் கவனித்தவர்களுக்கு வழி கிடைக்கும். கவனிக்காதவர்கள்? அரை நாள் லீவு போட்டு நேரில் போக வேண்டியதுதான்.

இதற்கு ‘ஹாம்பர்கர் மெனு’ என்று பெயர். மேலும் கீழும் பன், நடுவே கறி! 1981-ல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்த குறி இது. ‘இதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும்’ என்று ஒருசில பிக்சல்களில் காட்ட வேண்டியிருந்தது. பட்டியலையே மூன்று கோடுகளாகச் சுருக்கிவிட்டார். ஸ்மார்ட்போனின் சின்னத் திரையில் இடப் பஞ்சம் வந்ததும், அந்தக் குறிக்கு மறுபடி மவுசு கூடியது.

மறைத்தால் என்ன ஆகும்?

கண்ணில் படாததை யாரும் தேடிப் போவதில்லை. நீல்சன் நார்மன் குரூப் நிறுவனம் 2016-ல் 179 பேரை வைத்து இதைச் சோதித்தது. கணினியில் மெனுவை மறைத்தபோது 27% சந்தர்ப்பங்களில்தான் அதைப் பயன்படுத்தினார்கள். வெளியே வைத்தபோது ஏறக்குறைய இரு மடங்கு. மொபைலில் முழுக்க மறைத்தால் 57%. முக்கியமான சிலவற்றை வெளியே வைத்து, மீதியை மட்டும் மறைத்தால் 86%.

ஃபேஸ்புக்கும் இந்த வழிக்கு வந்தது. ஐபோன் செயலியில் பக்கவாட்டில் ஒளித்து வைத்திருந்த மெனுவை 2013-ல் திரையின் அடியில் பட்டையாகக் கொண்டுவந்தது. அடியில் வைப்பதில் இன்னொரு லாபம், கட்டைவிரலுக்கு எட்டும். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி போனைப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

‘ஏழு’ என்ற கட்டுக்கதை

மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று டிசைனர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரையைக் காரணம் காட்டுவார்கள். ஆனால், அவர் பேசியது மனதில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை வைத்திருக்க முடியும் என்பது பற்றி. மெனுவோ கண் முன்னாலேயே இருக்கிறது. அதை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் வார்த்தைகளில்தான். ‘சேவைகள்’, ‘வளங்கள்’, ‘மற்றவை’ என்று எழுதி வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ‘நுகர்வோர் குறைதீர்ப்புப் பிரிவு’ என்பது அலுவலகம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். கரண்ட் போனவர் தேடுவது ‘புகார்’ என்ற ஒற்றைச் சொல்லை. அரசுத் தளங்களோ தனியார் தளங்களோ, பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவெல்லாம் ஆகாது. ‘ட்ரீ டெஸ்டிங்’ என்று ஒரு முறை இருக்கிறது. படம், நிறம் எதுவும் இல்லாமல் மெனுவில் உள்ள சொற்களை மட்டும், தலைப்பும் உட்பிரிவுமாகக் காட்ட வேண்டும். தளத்தை உருவாக்கியவர்களிடம் அல்ல, அதைப் பார்த்தே இராத சிலரிடம். “பழைய ரசீதை எங்கே தேடுவீங்க?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் விரல் முதலில் எங்கே போகிறது என்று கவனித்தால் போதும். பலரும் ஒரே தப்பான இடத்தைத் தொட்டால், ரசீதை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாம்.