திரை கறுத்தால் ட்ரோன் விழுமா?

ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் புஷ்பக் காவடிகளும் 365 படிகளும் கொண்ட திருத்தணி, வானிலிருந்து படம்பிடிக்க யாரையும் தூண்டும் ஊர். கல்யாண வீடியோ எடுப்பவர்களின் பையில் இப்போது ட்ரோனும் இருக்கிறது. பறக்கும்போது அதை இயக்குபவரின் கண், ரிமோட்டில் மாட்டிய செல்போன்தான். அந்த போனை ரிமோட்டோடு சேர்ப்பது ஒரு சாண் கேபிள். சில மாடல்களில் வைஃபை.

ட்ரோனை ரிமோட்டோடு பிணைப்பது ரேடியோ அலை. ரிமோட்டை போனோடு பிணைப்பது கேபிள். இவை தனித்தனி இணைப்புகள் என்பது புதிதாக வாங்குபவர் பலருக்குத் தெரிவதில்லை. டிஜேஐ மினி 2 நடுவானில் இருக்கும்போது கேபிள் கழன்று திரை கறுத்தாலும் அது விழாது. ரிமோட்டின் குச்சிகளுக்குக் கட்டுப்பட்டே நிற்கும். கிளம்பிய இடத்தை ஜிபிஎஸ் பதிந்து வைத்திருந்தால், ரிமோட்டில் அதற்கென உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தாலே திரும்பி வந்துவிடும். பதற்றத்தில் ரிமோட்டை அணைத்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2018இல் வந்த 80 கிராம் டெல்லோ ட்ரோனின் கதை வேறு. அதற்கு போனே ரிமோட். வைஃபை அறுந்தால் இருந்த இடத்திலேயே தரையிறங்கிவிடும்.

கேபிளா, வைஃபையா? திருவிழாக் கூட்டத்தில் ஹாட்ஸ்பாட்டும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நிறைத்துவிடும். அதே அலைவரிசையில் போனுக்கு வரும் படம் திக்கித் திணறும். கேபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் டேட்டா போகாது. போனின் தடித்த உறை பின்னைச் சரியாக உட்கார விடாததும் உண்டு. 'இணைக்கப்படவில்லை' என்று திரை சொன்னால் முதலில் இவை இரண்டையும் பார்க்க வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தாலும் எங்கு வேண்டுமானாலும் பறக்கவிட முடியாது. பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றன. பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. நிற்கும் இடம் எந்த நிறம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்த பிறகே போனை மாட்ட வேண்டும். கோயில் நிர்வாகத்தின் ஒப்புதல் தனி. காவடி எடுத்து வருபவர்களின் தலைக்கு மேல் பறக்கவிடுவது எந்த நிறத்திலும் தவறு.

மலையூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. திரையில் தெரியும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. அடிவாரத் தெருவில் கிளப்பி, திரும்பி வரும் உயரத்தை 30 மீட்டர் என்று வைத்துவிட்டு, மலைக்குப் பின்னால் தாழ்வாகச் செலுத்தினால் பாறை ரேடியோ அலையை மறைத்துவிடும். இணைப்பை இழந்த ட்ரோன் அதே 30 மீட்டரில் வீடு திரும்பப் பார்க்கும், வழியில் நிற்பதோ மலை. முன்னால் இருப்பதை உணரும் சென்சார் மினி 2-க்கு இல்லை. ஒப்புதல் கிடைத்தால் மலைமேல் வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து கிளப்புவது நல்லது. அங்கிருந்து ட்ரோன் கண்ணெதிரிலேயே இருக்கும்.