வேர் வரை போகும் வெளிச்சம்

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு மலையே நிறைந்துவிடும். சேலத்து வெயிலுக்குத் தப்பி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற அந்தக் கூட்டத்தில், போன வாரம்தான் மேலுதட்டுக்கோ கைகளுக்கோ லேசர் முடிநீக்கம் செய்துகொண்டவர்களும் இருப்பார்கள். மலையில் வெயில் உறைக்காது, தோலுக்கு நல்லது என்று நம்பித்தான் வருகிறார்கள். ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்பது கணக்கு. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. மெல்லிய மேகமும் மூடுபனியும் சூட்டைத்தான் குறைக்கும், அந்தக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். குளிர்காற்று வீசுவதால் தோல் காய்வதும் நமக்குத் தெரியாது. லேசர் பட்ட இடம் கறுத்துப்போக இரண்டு நாள் படகுத்துறையும் லேடீஸ் சீட் காட்சிமுனையும் சுற்றினால் போதும்.

லேசர் முடிநீக்கத்தைப் பற்றிப் பேச்சு பெருகிய அளவுக்கு விவரம் பெருகவில்லை. சில விளம்பரங்கள், வலியே இல்லை, இரண்டே சிட்டிங், ஆயுளுக்கும் முடி வராது என்கின்றன. மூன்றுமே உண்மையில்லை. மறுபுறம், புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கருவிகளில் வருவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியும் அதை அடுத்த அகச்சிவப்பும்தான். புற ஊதாக் கதிரைப் போல மரபணுவை உடைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. ஆனால், தோல் வெந்துவிடும் என்று யாராவது பயந்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் நிறத் தோலுக்குப் பொருந்தாத கருவியில், அனுபவமில்லாத கையில் அது நடக்கிறது. எதனால் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் தவிர்ப்பதும் எளிது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பறித்த மிளகு களத்தில் காய்ந்து கறுத்தபின், உச்சி வெயிலில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், சுடும். அதற்கு அடியில் விரித்த வெள்ளைத் தார்ப்பாய் அவ்வளவு சுடாது. இரண்டின்மேலும் விழுந்தது ஒரே வெயில்தான். கறுப்பு அதை வாங்கிக்கொண்டது, வெள்ளை திருப்பி அனுப்பிவிட்டது. லேசர் முடிநீக்கம் நிற்பதும் இதன்மேல்தான். முடிக்குக் கறுப்பு தருவது மெலனின் என்ற நிறமி. சரியான அலைநீளமுள்ள ஒளியை ஒரு நொடியின் நூறில் சில பங்கு நேரம் மட்டும் பாய்ச்சினால், அது தோலைக் கடந்து உள்ளே போகிறது. முடித்தண்டின் மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு பக்கவாட்டில் பரவி, முடியை முளைக்க வைக்கிற வேர்ப்பைச் செல்களைச் சிதைக்கிறது. இலக்கு மட்டும் வேக வேண்டும், பக்கத்துத் திசு தப்ப வேண்டும். அதற்கு ஒளியின் நிறமும் அது பாயும் நேரமும் எப்படி அமைய வேண்டும் என்ற கணக்கை ஹார்வர்டு மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் 1983-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். இன்றைய தோல் லேசர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கின் பிள்ளைகள்.

தார்ப்பாயே பழுப்பு நிறமாக இருந்தால்? அதுவும் சுடும். நம் தோலின் சிக்கல் அதுதான். முடியில் இருக்கும் அதே மெலனின் நம் மேல்தோலிலும் இருக்கிறது. ஒளி வேருக்குப் போகும் வழியில் மேல்தோலும் தன் பங்குக்கு அதை வாங்கிச் சூடாகிறது. அளவு மீறினால் கொப்புளம், அதன்பின் கரும்புள்ளி, சிலருக்கு வெளிறிய தழும்பு.

உலகின் முதல் லேசரை 1960-இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்து உருவாக்கினார். முடியை நீக்க முதலில் சோதிக்கப்பட்ட லேசர்களில் அந்த மாணிக்க லேசரும் ஒன்று. அதன் 694 நானோமீட்டர் ஒளியை மெலனின் பேராசையோடு உறிஞ்சும். வெள்ளைத் தோலும் கறுப்பு முடியும் உள்ளவருக்கு அது பொருந்தியது. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தவில்லை. தோல்நிறத்தை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான படிகளில் வருவோம். எந்தத் தோலை மனத்தில் வைத்து இந்தத் தொழில்நுட்பம் தொடங்கியது என்பதை மறந்துவிட்டு மலிவு விலையைப் பார்த்துப் போவதுதான் ஆபத்து.

அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். ஒளி ஆழமாகவும் போகும். இன்று புழக்கத்தில் இருப்பவற்றில் அலெக்ஸாண்ட்ரைட் 755, டயோடு 800 முதல் 810, என்டி-யாக் 1064 நானோமீட்டர். நல்ல கறுப்புத் தோலுக்கு என்டி-யாக்தான் மிகவும் பத்திரமானது. சற்றுக் கூடுதலாக வலிக்கும், மெல்லிய முடியில் பலன் கொஞ்சம் மந்தம். தோல் தப்புவதற்கு இந்த விலையைக் கொடுக்கலாம். மாநிறத் தோலுக்கு டயோடும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஒளித்துடிப்பு நீளமாகவும் குளிரூட்டும் முனை சரியாகவும் இருக்க வேண்டும். ஐபிஎல் என்று சொல்லப்படுவது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி அது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐபிஎல் கருவிகள் பலவற்றில் தோல்நிறத்தை அளக்கும் உணரி இருக்கிறது. தோல் கறுப்பென்று கண்டால் அவை ஒளியைப் பாய்ச்சவே மறுத்துவிடும். கருவியே மறுக்கிறபோது அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள்.

ஒரே தடவையில் ஏன் முடிவதில்லை? உடம்பின் எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஒடுங்கும் காலம், ஓய்வுக் காலம் என்று ஒரு சுற்று உண்டு. வளரும் காலத்தில்தான் முடித்தண்டு வேரோடு ஒட்டி, நிறமி நிறைந்து இருக்கும். சூடு வேருக்குப் போய்ச் சேரும். ஓய்வில் இருக்கிற முடிமேல் எத்தனை ஷாட் அடித்தாலும் வேர் தப்பித்துவிடும். அதனால்தான் முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளி, கைகால்களுக்கு 6 முதல் 8 வாரம் என்று மொத்தம் ஆறேழு சிட்டிங்காவது ஆகிறது. தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் ஓடிவந்தால் இரண்டு மூன்று சிட்டிங்தான் கிடைக்கும். வைகாசியிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இடையில் நம் பெண்கள் செய்கிற ஒரு காரியம் எல்லாவற்றையும் வீணாக்கிவிடுகிறது. முடி தெரிகிறதே என்று பார்லரில் த்ரெட்டிங் அல்லது வேக்ஸிங் செய்துகொள்கிறார்கள். நூலும் மெழுகும் முடியை வேரோடு பிடுங்கிவிடும். பிறகு லேசர் எதைச் சூடாக்கும்? உள்ளே தண்டு இருந்தால்தான் சூடு பிறக்கும். ஆகவே முதல் சிட்டிங்குக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பிடுங்குவதை நிறுத்திவிட வேண்டும். தேவைப்பட்டால் ஷேவ் செய்யலாம். ‘முகத்தில் பிளேடு வைக்காதே, தாடி முளைக்கும்’ என்று அம்மாக்கள் தடுப்பார்கள். பிளேடு வேரைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவே.

சிட்டிங் அன்று என்ன நடக்கும்? முகப்பூச்சு, பவுடர், மஞ்சள் எல்லாவற்றையும் கழுவச் சொல்வார்கள். முடியை மழித்து, தோலுக்கு மேலே மிகச் சிறிய கட்டை மட்டும் விடுவார்கள். நீளமாக விட்டால் அது மேலேயே எரிந்து தோலைச் சுட்டுவிடும். உங்களுக்கும் இயக்குகிறவருக்கும் அந்த அலைநீளத்தைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். அதைத் தராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் லேசர் வைக்கவே கூடாது, கேட்டு வற்புறுத்தவும் கூடாது. சில்லென்று ஜெல் தடவி, குளிர்ந்த முனையைத் தோலில் அழுத்துவார்கள். ஒரு ‘டிக்’ சத்தம், அதோடு ஒரு சுருக். மேலுதட்டில் கண்ணில் நீர் வரும் அளவுக்கு உறைக்கும், முழங்கையில் அவ்வளவு இல்லை. முடி பொசுங்கும் நாற்றம் வரும். அந்தப் புகையை இழுக்கும் குழாயோ, குறைந்தது காற்றோட்டமோ இருக்க வேண்டும். மேலுதடு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், முழுக்கால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

முடிந்ததும் ஒவ்வொரு முடிக்காலைச் சுற்றியும் சின்னதாகச் சிவந்து தடித்திருக்கும். பயப்பட வேண்டாம், ஒளி இலக்கைத் தொட்டதற்கு அது அடையாளம். சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரண்டு நாளில் அடங்கிவிடும். கொப்புளமோ, தோல் சாம்பல் நிறமாவதோ, நாள் முழுக்க எரிச்சலோ வந்தால் அது வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் முடி மறுபடி வளர்வது போலத் தெரியும். செத்த முடிதான் வெளியே தள்ளப்படுகிறது, தானே உதிர்ந்துவிடும்.

வெயிலைப் பற்றி மறுபடியும் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு வாரமாவது நேர்வெயில் ஆகாது. வெயிலில் கறுத்த தோலில் மெலனின் கூடியிருக்கும், லேசர் அதையே சுடும். மலைவாசிகளுக்கு, அதிலும் காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழியில் நாளெல்லாம் தோட்டத்தில் நிற்பவர்களுக்கு இது எளிதில்லை. மர நிழலும் முழு நிழலில்லை. கைக்கு லேசர் செய்வதானால் பறிப்பு முடிந்தபின் தொடங்குவதே புத்தி. முகத்துக்கு என்றால் சன்ஸ்கிரீன், குடை, முக்காடு மூன்றையும் மழைநாளிலும் விடக் கூடாது.

முடி முளைப்பதற்கே ஒரு காரணம் உள்ளே இருக்கலாம் என்பதுதான் பலரும் தவறவிடுவது. தாடையிலும் மோவாயிலும் கனத்த முடி, கூடவே மாதவிடாய் தள்ளிப்போவது, பரு, எடை கூடுவது என்றால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பிசிஓடி என்கிறோமே, அதுதான். ஹார்மோன் சீராகாதவரை லேசர் ஒருபுறம் அழிக்க, உடம்பு மறுபுறம் புதிதாக முளைக்க வைக்கும். பணமும் மனமும் தேய்ந்துபோகும். கல்லூரி வயதுப் பெண்ணை இந்தக் காரணத்துக்காகக் கேலி செய்கிற வீடுகள் இன்னும் இருப்பது வேதனை. அவளுக்குத் தேவை ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான்.

நரைத்த முடிக்கும் நிறமற்ற பூனைமுடிக்கும் லேசர் பயன்படாது, சூடேற அங்கே நிறமி இல்லை. முகத்திலும் கழுத்திலும், ஹார்மோன் சிக்கல் உள்ளவர்களுக்கு, அரிதாக லேசரே மெல்லிய முடியைத் தூண்டித் தடிக்க வைத்துவிடுவதும் உண்டு. கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களும், உதட்டில் அடிக்கடி அக்கி வருகிறவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் இதில் இடமுண்டு: சுருட்டை முடி உள்ளே வளைந்து தாடிக்கொப்புளம் வருபவர்களுக்கு இது நல்ல மருந்து. திருநங்கைகளில் பலருக்கு முகமுடி நீக்கம் அலங்காரத்தைத் தாண்டிய தேவை, தெருவில் நிம்மதியாக நடப்பதற்கான தேவை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முடிநீக்க லேசர்களுக்கு 1995 முதல் அனுமதி தந்துவருகிறது. ஆனால் உற்பத்தியாளர்கள் அங்கே கோர முடிவது நீண்டகாலத்துக்கு நிலைக்கும் குறைப்பை மட்டுமே. முடி முழுக்க ஒழிந்துவிடும் என்று அது யாருக்கும் உறுதி தரவில்லை. நல்ல சிகிச்சைக்குப்பின் பெரும்பகுதி முடி குறையும், வருவதும் மெல்லியதாக வரும், வருடத்துக்கு ஓரிரு முறை மெருகேற்றும் சிட்டிங் தேவைப்படலாம். இது பெரிய நிம்மதிதான், இதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இல்லை.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் லேசர் முடிக்குறைப்புக்கு 2008-இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்காக ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர் இறங்குகிறவர்கள், என்ன கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போங்கள். கருவி என்ன, அலைநீளம் என்ன, இயக்குவது யார், மருத்துவர் அன்று கிளினிக்கில் இருப்பாரா என்று கேளுங்கள். எல்லா சிட்டிங்குக்கும் சேர்த்து முன்பணம் கட்டுவதற்கு முன், காதோரத்தில் ஒரு சிறு இடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் தோலில் கேடு உடனே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரியலாம், ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.