ஏரித் தோணிக்கு ரெசின் பூச்சு: பலகை காய்ந்த பிறகே பூசவும்

அரக்கோணம் - திருவள்ளூர் ரயில் பாதையில் உள்ள மணவூரைச் சுற்றிலும் ஏரிப்பாசனக் கிராமங்கள் உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்போருக்கு வலை விடவும் தீவனம் போடவும் சிறு தோணி தேவைப்படும். உள்ளூர்த் தச்சரைக் கொண்டே அதைச் செய்துவிடலாம். பணம் வீணாவது பெரும்பாலும் பூச்சு வேலையில்தான்.

முற்காலத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளை அடைத்தார்கள். அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். ரெசின் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் அது மரத்துக்கு மருந்தன்று, உறை மட்டுமே. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய ரப்பர் மரத் தோணியில்கூட, பலகைக்கு மருந்தேற்றிய பிறகே கண்ணாடி நார் உறை போடப்பட்டது.

ஈரப் பலகைமேல் ரெசின் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். மரத்தில் ஈரம் 20 சதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சாணம் பற்றும். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே இற்றுப்போகும். 15 சதத்துக்குக் கீழே வருவது நல்லது. கருவி இல்லாதவர்கள் அதே பலகையில் ஒரு துண்டை வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்ற பிறகு பூசலாம். இதற்குச் சித்திரை, வைகாசியே ஏற்ற காலம்.

பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு. ஆனால் இறுகும்போது சுருங்கும், மரத்தில் பிடிப்பும் குறைவு. எபாக்சி விலை கூடுதல் என்றாலும் மரத்தோணிக்கு அதுவே ஏற்றது. ஹார்டனரை அதிகம் ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. டப்பாவில் கண்ட அளவு தப்பினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

பாலியெஸ்டர்தான் வாங்க முடிந்தது என்றால் ஓர் எச்சரிக்கை. அதனுடன் தரும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போகவேண்டும். பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. எந்த ரெசினானாலும் கையுறை அவசியம்.

பூசும் நேரமும் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் கொப்புளங்களை எழுப்பும். மாலையில் மரம் குளிரத் தொடங்கும்போது, நிழலில் பூசினால் ரெசினை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கலந்த ரெசினைச் செம்பில் வைத்தால் சூடேறிச் சீக்கிரம் கட்டியாகிவிடும். அகலத் தட்டில் பரப்பிக்கொள்ளவும்.

பலகையின் வெட்டு முனைகள் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அங்கே இரண்டு மூன்று முறை பூச வேண்டும். இணைப்புகளிலும் அடிப்பாகத்திலும் கண்ணாடி நார்த் துணியை ரெசினில் நனைத்து ஒட்டவும். எபாக்சி இறுகியதும் மேலே மெழுகு போன்ற படலம் தோன்றக்கூடும். அதைத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. வெயிலில் எபாக்சி வெளிறிப் பொடியும் என்பதால் மேலே பெயிண்ட் அடிக்கவேண்டும்.

உட்புறத்தையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர், ஏரித் தண்ணீரைவிட அதிகம் கெடுக்கும். வேலையில்லாத நாளில் தோணியைக் கரையில் கவிழ்த்து வைக்கவும். ஏரி வற்றியதும் உளிப்பிடியால் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலிக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, மரத்தை நன்கு காயவிட்டுத் திரும்பப் பூசவும்.